நாலு கதவிலும் நாத்தனார்

என் பழைய காரில் கம்பெனி வைத்துக் கொடுத்த நான்கு ஸ்பீக்கர்களில் மூன்று ஊமை. இன்று கொச்சியில், கொச்சங்காடியிலுள்ள ஒரு கடையில் கொடுத்து ரிப்பேர் செய்தேன். சோதித்துப் பார்க்க, கடைக்காரர், கூட வந்திருந்த என் மாமியாரின் போனை ப்ளூடூத்தில் இணைத்தார்.

திரும்பும்போது மட்டாஞ்சேரி நெரிசலில் கண்ணாடியை இறக்கிவிட்டு நின்றோம். பாலக்காட்டிலிருந்து நாத்தனார் அழைத்தாள். மாமியார் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

“அம்மா, அவ மீன் கொழம்பு வைக்கப் படிச்சாளா, இல்ல இப்பவும் அதே சுடுதண்ணிதானா?”

நான்கு கதவுகளும் சேர்ந்து கேட்டன.

பதறிய மாமியார் கைக்கு அகப்பட்ட குமிழைத் திருகினார். சத்தம் இன்னும் கூடியது.

“அம்மா! பக்கத்துல அவ இருக்காளா?”

பக்கத்து ஆட்டோ சேட்டன் தலையை நீட்டினார். “சேச்சி, சவுண்டு சூப்பர். எவிடெயா நன்னாக்கியே?”

ரிப்பேர் செய்த கடைக்கு வழி சொன்னேன். நல்ல வேலைக்காரர், நாத்தனாரின் பெருமூச்சுகூடத் தெளிவாகக் கேட்கிறது. உங்களில் யாருக்காவது வழி வேண்டுமா?