தேத்தண்ணி வந்த நேரம்

போன சனிக்கிழமை எனக்கு மாலை போட்டார்கள். வீட்டு வாசல் கதவில் அது இன்னும் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

வாவிக்கரையில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம்... என்னால் அந்த ஊருக்கு நடந்த கெடுதல் போதும்.

பிரதேச சபையின் அடுத்த வருடப் பட்ஜெட்டில் என்ன வேலையைக் கேட்பது என்று முடிவெடுக்க ஊர்க்கூட்டம். தோணித்துறையோடு ஒட்டிய மீனவர் சங்கக் கட்டிடத்தில் நடந்தது. அரசாங்கக் காசு பெண்களையும் நினைத்துச் செலவாக வேண்டும் என்று பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேச எனக்குச் சொல்லியா தர வேண்டும்? வெளுத்து வாங்கினேன். நல்ல கைதட்டல். அந்த மாலையும் அப்போது விழுந்ததுதான்.

முன்மொழிவுகள் இரண்டு. இளைஞர்கள் விளையாட்டு மைதானத்துக்கு லைட் கேட்டார்கள். துறையில் மீன் வாங்கி விற்கும் பெண்கள் அங்கே தங்களுக்கு ஒரு டொய்லெட் கேட்டார்கள். விடியுமுன் வந்து, தோணிக்குக் காத்திருந்து, வெயில் ஏறும்வரை அங்கேயே நிற்பவர்கள் அவர்கள். அன்றைக்குக் கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம். டொய்லெட் வந்த மாதிரித்தான் என்று நினைத்தேன்.

பேசிப் பேசி என் தொண்டை காய்ந்துவிட்டது. டொய்லெட்டை முன்மொழிந்த புஷ்பம் பின்வரிசையில் இருந்தார்.

“தங்கச்சி, ஒரு தேத்தண்ணி கிடைக்குமா?” என்றேன்.

“ஓம் மிஸ், எல்லாருக்கும் ஊத்திறம்.”

அவர் எழும்ப, மற்றப் பெண்களும் எழும்பிப் பின்பக்கத்து அடுப்படிக்குப் போனார்கள். கூட்டத்தில் தேத்தண்ணி என்றால் பெண்கள் எழும்புவது நம்மூர் வழக்கம்தானே? எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. மேடையில் சமத்துவம் பேசிய அதே ஆளுக்கு!

கூட்டத்தை நடத்திய சங்கத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் போகுது, கையத் தூக்குங்க.”

லைட்டுக்கு நிறையக் கைகள். டொய்லெட்டுக்கு என் கை மட்டும். நான் அந்த ஊராளில்லை, ஆகவே அதுவும் செல்லாது.

“பொம்பிளையள் வரட்டும்” என்று நான் சொல்வதற்குள் தீர்மானம் எழுதியாகிவிட்டது.

“முடிஞ்ச விசயம் மிஸ். அடுத்த வருசம் பாப்பம்” என்றார் தலைவர்.

பட்ஜெட் எங்கோ கொழும்பில் போடுவது என்று நினைக்கிறோம். கை தூக்கும் நேரத்தில் யார் அடுப்படியில் நிற்கிறார்கள் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. அன்றைக்கு அவர்களை அடுப்படிக்கு அனுப்பியவள் நான்.

தேத்தண்ணி வந்தது. வெட்கத்தை மறைக்க இரண்டு கோப்பை குடித்தேன். கொஞ்ச நேரத்தில்... உங்களுக்குப் புரியும். புஷ்பத்தின் காதோடு கேட்டேன்.

“அந்தக் கண்டல் பத்தைக்குள்ளதான் மிஸ்” என்று வாவியோரப் புதரைக் காட்டினார். “ஆம்பிளையள் எல்லாரும் வீட்ட போய் முடியட்டும், நான் காவலுக்கு நிக்கிறன்.”

“நீங்க எல்லாம் என்ன செய்யிறீங்க?”

“துறைக்கு வந்தா, வீட்ட போகுமட்டும் ஒண்டும் குடிக்கிறல்ல. மூத்திரம் எரிஞ்சு சலக்கடுப்பு வந்து ரெண்டுதரம் ஆஸ்பத்திரியில கிடந்திட்டன்.”

கோபமே இல்லாமல் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் ஊற்றித் தந்த பெண்களில் ஒருவர் கையிலும் கோப்பை இல்லை.