இருநூறு கேசட்டும் ஆத்தா தந்த முதலும்

நூற்றிருபது கேசட்டுகள் அப்பளம் போல வளைந்து கிடந்தன. 1986 நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையர் அறைக்குள் அந்த அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. பெட்டியில் இருந்தது என் காசு இல்லை. கொழுந்து பறிக்கும் இருபத்து மூன்று பெண்களின் காசு.

ஆத்தாவை நம்பி இந்தத் திருவிழா மலரைக் கையில் எடுத்திருக்கும் என் சனங்களே, அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் அவள் செய்தது உங்களுக்குப் புரியும்.

கோலாலம்பூருக்கு வடக்கே மலைநாட்டில், கம்போங் ராஜாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் எடைக் கிராணி. பெண்கள் கூடையைத் தராசில் வைப்பார்கள், நான் எடை பார்த்து எழுதுவேன். கொழுந்து பனியில் நனைந்திருந்தால் தண்ணீருக்கென்று கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பது தோட்டத்து வழக்கம். நான் மூன்று கழிப்பேன். பெரிய துரை மெச்சிக்கொள்வார் என்று ஒரு நினைப்பு. மெச்சவும் செய்தார். பெண்கள் முகத்தை மட்டும் நான் பார்க்கமாட்டேன்.

அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் மூக்கில் தேயிலை வாடை வந்துவிடும். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் மலை இறங்கி வரும் மூடுபனி, எதிர்லயத்தையே, எதிர் வரிசை வீடுகளையே, மறைத்துவிடும். ஆளைப் பார்க்க முடியாது, பாட்டு மட்டும் கேட்கும். வீட்டுக்கு வீடு ஒரு ரேடியோ கேசட் பெட்டி இருந்தது. ஒரு வீட்டில் சாமிப் பாட்டு, அடுத்த வீட்டில் சினிமாப் பாட்டு, இரண்டும் பனிக்குள் கலந்து வரும். சண்டைக்கும் குறைவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை. அப்போது அதெல்லாம் சுகம் என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியாவது டவுனுக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட வேண்டும் என்று மட்டும் துடித்தேன்.

1985 கடைசியில் எங்கள் சின்ன துரை வேலையை விட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பினார். அவர் மகன் வைத்திருந்த கம்ப்யூட்டரை ஐந்நூறு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, விற்கப்போவதாகச் சொன்னார். அதை டிவியோடு இணைத்து, கேசட் பெட்டியில் ஒரு கேசட்டை ஓடவிட்டால், திரையில் விளையாட்டு வரும். அந்தக் கேசட் ஒன்று கடையில் பத்து வெள்ளியாம். இரண்டு வெள்ளி பெறாத வெறும் கேசட், உள்ளே ஒரு விளையாட்டு இருந்தால் பத்து வெள்ளி! அவ்வளவுதான், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நானே ஒரு விளையாட்டை எழுதி விற்பது என்று முடிவு செய்தேன்.

காசுக்கு எங்கே போவது? லயத்தில் அந்த ஜனவரியில் ஒரு கூட்டுச் சீட்டு தொடங்கினார்கள். என்னையும் சேர்த்து இருபத்து நான்கு பேர், மாதம் ஆளுக்கு ஐம்பது வெள்ளி. மாதம் ஒருவர் ஆயிரத்து இருநூறை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் சீட்டு பாக்கியம் அக்கா பெயருக்கு விழுந்தது. எங்கள் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி இருந்தவர். தராசில் கூடையை வைக்கும்போது என்னைக் கிராணி என்பார், லயத்துக்குள் வந்துவிட்டால் தம்பி என்பார். ஒரு பசு மாடு வாங்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. நான் போய்க் கேட்டேன். முதல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசி சீட்டை, இருபத்து நாலாவது மாதத்தை, அவர் எடுத்துக்கொண்டார்.

ஐந்நூறுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து எட்டு மாதம் மல்லுக்கட்டினேன். விளையாட்டு இதுதான்: பனி மூடுவதற்குள் கூடையை நிரப்ப வேண்டும். இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ள வேண்டும். முற்றிய இலையைக் கிள்ளினால் கங்காணி மண்டோர் வந்து கூடையைக் கொட்டிவிடுவான். ஈப்போவில் பாட்டு கேசட் பதிவு செய்யும் ஒரு கடையில் முந்நூறு கேசட் போட்டேன், அறுநூறு வெள்ளி. மேலட்டை அச்சடிக்க நூறு. ஆக மொத்தம் ஆயிரத்து இருநூறு, சீட்டுப் பணம் சுத்தமாகத் தீர்ந்தது.

பத்து வெள்ளி வீதம் நூற்றிருபது கேசட் விற்றால் முதல் வந்துவிடும், மிச்சம் நூற்றெண்பதும் லாபம். இதைத்தான் கமலாவிடம், என் மனைவியிடம், தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், போனபோது அவர் சிரித்தார். கேசட்டுக்கு நாலு வெள்ளி தன் பங்கு என்று மலாயில் சொன்னார். ஊரார் கூடைக்கெல்லாம் கழிவு போட்ட எனக்கு, என் கூடைக்கும் ஒரு கழிவு உண்டு என்று தோன்றவே இல்லை! இனி கேசட்டுக்கு ஆறு வெள்ளிதான். நூற்றிருபது இல்லை, இருநூறு விற்றால்தான் முதல்.

போகட்டும், முந்நூறு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பள்ளி விடுமுறை நெருங்கட்டும், அப்போது கொண்டு வா என்றார் தவுக்கே. பெட்டிகள் வீட்டில் இருந்தன. அது அடைமழைக் காலம். எங்கள் மலையில் ஈரம் எதையும் விடாது, கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. ஈரமான எதையும் டிரையர் அறையில் கொண்டுபோய் வைப்பது தோட்டத்தில் எல்லாருக்கும் பழக்கம். கல்யாணப் புடவை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம், வடகம் எல்லாம் அங்கேதான் காயும். நானும் நூற்றிருபது கேசட் இருந்த பெட்டியைச் சூடான காற்றுக் குழாய்க்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். அந்த வாரம் கொழுந்து அதிகம். டிரையர் இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

மிச்சம் நூற்றெண்பது. ஒன்று விடாமல் விற்றாலும் ஆயிரத்து எண்பது வெள்ளிதான். முதலுக்கே மோசம். கமலா மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்ததால் செப்டம்பரிலேயே வேலையை நிறுத்திவிட்டாள். என் சம்பளத்தில் மாதம் ஐம்பதை எடுத்தால் அரிசிக்குக் காசு இல்லை. நான் கட்டாமல் போனால் சீட்டு உடையும். பாக்கியம் அக்காதான் கடைசி, முழு அடியும் அவருக்கு.

அதுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் போய், ஆயிரம் கேசட் விற்க வேண்டும், கோலாலம்பூரில் கடை வைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பட்டியல் போட்டு வேண்டினேன் என்றே சொல்லலாம். மறுநாள் வெள்ளிக்கிழமை போனபோது பட்டியல் ஒன்றும் வாயில் வரவில்லை. பூசாரி திரை போட்டு உள்ளே இருந்தார். வேறு யாரும் இல்லை. நான் வாய்விட்டே பேசினேன்.

"ஆத்தா, தப்பு என்னோடதுதான். எனக்கு லாபம் வேணாம். அந்தப் பொம்பளைங்க காசு மட்டும் கொறையாம போய்ச் சேரணும். இருநூறு வித்தா போதும்."

அப்போதுதான் அழுதேன். நல்லா அழுதேன்.

மறுநாள் சனிக்கிழமை, சீட்டுப் பணம் கட்டும் நாள். என்னிடம் ஐம்பது இல்லை. பாக்கியம் அக்கா வாசலுக்கு வந்தார். ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கக்கேடு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வளைந்த கேசட்டுகளைக் காட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டு அடுப்பு மேலகூட ஒன்னு இப்படித்தான் வளைஞ்சு போச்சு தம்பி. பிளாஸ்டிக் ஓட்டைக் கழட்டி உள்ள இருக்கிற நாடாவ வேற ஓட்டுல போட்டேன். இப்பவும் நல்லா பாடுதுலா."

எட்டு மாதம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய மேதாவிக்கு, ஓட்டில் இருக்கும் ஐந்து திருகாணியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள். உடனே ஒன்றைக் கழற்றி, நாடாவை என் பழைய பாட்டு கேசட்டின் ஓட்டில் மாற்றிப் போட்டோம். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. பிறகு திரையில் பச்சையாகத் தேயிலைச் செடி வந்தது. நான் அக்காவின் காலில் விழப்போனேன். "சும்மா இரு" என்று தோளில் ஒரு அடி வைத்தார்.

ஆனால் நூற்றிருபது ஓட்டுக்கு எங்கே போவது? வாங்கக் காசு கிடையாது. அக்கா லயம் லயமாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்துக்குப் பெண்கள் வந்தார்கள். முந்தானையில் முடிந்தும் பால் டின்னில் போட்டும் கொண்டுவந்தது அவர்கள் வீட்டுப் பாட்டு கேசட்டுகள். திருகாணி வைத்ததாகப் பார்த்துப் பொறுக்கினோம். பாட்டு நாடாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என் நாடாவை உள்ளே வைத்தார்கள். குருத்துக் கிள்ளிப் பழகிய விரல்கள், ஒரு நாடாகூட முறுக்கவில்லை. நான் வைத்ததில்தான் நாலு முறுக்கிக்கொண்டது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் தொண்ணூற்றேழு கேசட் தேறியது. மற்றவை சூட்டில் நாடாவே சுருங்கிப்போனவை. கையில் இருநூற்றெழுபத்தேழு.

அந்த வாரம் எங்கள் லயங்களில் பாட்டுச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. ஒவ்வொரு கதவாகத் தாண்டிப் போகும்போது என் நெஞ்சு அறுத்தது. நான் மூன்று கிலோ கழித்த கூடைகளெல்லாம் இந்த வீட்டுக் கூடைகள். திங்கட்கிழமை காலை தராசடியில் இரண்டு கிலோதான் கழித்தேன். மழை விட்ட நாளில் ஒன்றும் கழிக்கவில்லை. துரை கூப்பிட்டுக் கேட்டார். கொழுந்தில் தண்ணீர் இல்லை துரை என்றேன். ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்தேன்.

அந்த மாத ஐம்பதைப் பெண்களே ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சீட்டை நிறுத்தாமல் வைத்தார்கள். பிறகு கொடுத்தால் போதும் என்றார்கள். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லோரியில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே என் பெட்டிகளும் ஈப்போவுக்கு இறங்கின. முதல் மாதம் பதினொன்றுதான் விற்றது. பள்ளி விடுமுறையில் தவுக்கே கடைவாசல் டிவியில் விளையாட்டைப் போட்டுவிட்டார், ஒரே மாதத்தில் நாற்பது போனது. அப்புறம் மாதம் பத்து, பதினைந்து. வந்த காசு சீட்டுக்கே போனது. பெண்கள் எனக்காகப் போட்டதையும் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

1987 டிசம்பர் முதல் வாரம் தவுக்கே கணக்குச் சீட்டைத் தந்தார். இருநூற்று மூன்று. இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். என் விளையாட்டை யாரோ நகல் எடுத்து, சந்தையில் மூன்று வெள்ளிக்கு விற்க ஆரம்பித்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. அந்த நகல் ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் என் கதி என்ன? பஸ்ஸில் மலை ஏறும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இருநூறு வித்தா போதும் என்று கேட்டேன். இருநூறு தாண்டும்வரை அவள் வழியைத் திறந்து வைத்திருந்தாள். லாபம் வேண்டாம் என்றதையும் அப்படியே பிடித்துக்கொண்டாள். முதலுக்கு மேல் நின்றது மூன்று கேசட், பதினெட்டு வெள்ளி. அதில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம்.

பொங்கல் வைத்த அன்றுதான் பாக்கியம் அக்கா கையில் கடைசிச் சீட்டின் ஆயிரத்து இருநூறு வெள்ளியை நானே வாங்கிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்கச் சொன்னேன், எண்ணவில்லை. அப்படி என்னதான் விளையாட்டு அது, ஒரு தடவை காட்டு என்றார். மண்டபத்திலேயே டிவியைக் கொண்டுவந்து மாட்டினேன். அக்கா ஒரு விரலால் பட்டனைத் தட்டித் தட்டி, பனி மூடுவதற்குள் ஒரு முற்றிய இலைகூட இல்லாமல் கூடையை நிரப்பினார். எழுதிய எனக்கே அது ஒருநாளும் முடிந்ததில்லை. சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அக்கா இடுப்பைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா முதுகு வலிக்கலையேலா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டவுனுக்குப் போகும் துடிப்பு அன்றைக்கு அடங்கியது. ஓய்வு பெறும்வரை அந்த லயத்திலேயே இருந்தேன், சந்தோஷமாக இருந்தேன்.

சனங்களே, முதலுக்கே மோசமான நாள் உங்களுக்கும் வரலாம். அன்றைக்கு அவளிடம் போங்கள். தப்பு உங்களுடையது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அடுத்தவருக்குச் சேர வேண்டியதை முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து வீட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். பணக்காரக் கை வரும் என்று நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தா அனுப்பிய கையில் கொழுந்துக் கறைதான் இருந்தது.