மண் பூசி மூடிய மீன் பானை

எங்கள் ஊர் கமுதிப் பக்கம். மிளகாய்ச் செடிக்கு ஊற்றுவதற்காக என் வீட்டுக்காரர் புதுமடத்திலிருந்து மீன் கழிவு வாங்கி வந்து, கருப்பட்டியோடு பானையில் ஊறப்போட்டார். அது நன்றாக நொதித்ததும் வடித்து, நிறையத் தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். பூனைக்குப் பயந்து, பானையை மூடிச் சுற்றிலும் களிமண் பூசிவிட்டார்.

ஒரு மத்தியானம், உள்ளே ஏதோ பொங்குகிற சத்தம் கேட்கிறதென்று பானையில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"களி ஆறிப்போகுது, இங்கன வாங்க!" என்று கத்தினேன்.

"இந்தா வாரேன்" என்று எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்திருப்பார், பானை வெடித்தது. அவர் உட்கார்ந்திருந்த பலகையில் ஓட்டுச்சில் ஒன்று குத்தி நின்றது. ஊர்ப் பூனை அத்தனையும் வந்துவிட்டது.

அழுதுகொண்டே, மீன் கரைசல் தெறித்திருந்த அவர் முதுகைத் தேய்த்துக் கழுவினேன். "நல்ல பானை போச்சேடி" என்கிறார் மனுஷன்!

இப்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறட்டுமென்று பானை வாயில் மெல்லிய துணிதான் கட்டுகிறோம். பூனையை நான் விரட்டிக்கொள்கிறேன். அப்படியும் அவர் பானைப் பக்கம் குனிந்தால் போதும், உலையே வைக்காவிட்டாலும் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவிடுகிறேன்.