அம்மா பிடித்திருந்த கயிறு

பூசை முடிந்து அறிக்கை வாசிக்கும் நேரம் வந்தால் நான் இன்றைக்கும் எழுந்திருப்பதில்லை. இப்போது ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்கள். கல்யாண ஓலை, ஞானஸ்நானம், பள்ளிக்கூட ஆண்டு விழா. பக்கத்தில் இருப்பவர்கள் அதற்குள் செருப்பைத் தேடப் போய்விடுவார்கள். நான் கடைசி வார்த்தை வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

பாம்பனில் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய வாத்தியார் அறிக்கை வாசித்தார். பங்குப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர் அவர். கோயில் உபதேசியாரும் அவர்தான். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் சேர்த்து ஒரே மணி. அதை அடிப்பவரும் அவர்தான். வேகமாக அடித்தால் பள்ளிக்கூடம். விட்டு விட்டு ஒற்றையாக விழுந்தால் சாவு. சாவு மணி கேட்டால் பிள்ளைகள் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் நிற்க வேண்டும். அன்று அவர் வாசித்தது இது: கச்சான் காற்றில் வள்ளத்தோடு போய்த் திரும்பாத அண்ணன் தம்பி இருவருக்கும் நாளைக் காலை மணியடித்து இறந்தோர் பூசை நடக்கும், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வர வேண்டும். அண்ணன் என் அய்யா. தம்பி என் சின்னய்யா.

கோயிலுக்குள் பெண்கள் வாய் திறக்கும் வழக்கம் கிடையாது. அம்மா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஒடம்பு வரல. எதுக்குப் பூசை?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. சின்னய்யாவின் மனைவி சின்னம்மா அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சாமியார் பீடத்திலிருந்து இறங்கி உள்ளே போய்விட்டார். அவருக்குத் தீவிலும் கரையிலுமாகப் பல ஊர்கள். திங்கள் மதிய ரயிலுக்குப் போய்விடுவார். திரும்பி வர வெகுநாள் ஆகும்.

மறுநாள் காலை நான் பள்ளிக்குப் போனபோது பிள்ளைகள் எல்லாம் வெளியே மணலில் நின்றார்கள். மணி அடிக்கவில்லை. அம்மா மணிக்கூண்டின் கீழே உட்கார்ந்து கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தாள். என் வகுப்புப் பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து, "ஏ புள்ள, ஒங்கம்மாவ நாளைக்கும் புடிச்சுக்கச் சொல்லு. எனக்கு வாய்ப்பாடு வரல" என்றான்.

சாமியார் கறுப்புப் பூசை உடுப்போடு வெளியே வந்தார். அம்மா எழுந்து நின்றாள். கயிற்றை விடவில்லை. அவர் தணிந்த குரலில் நெடுநேரம் சொன்னார். செபம் உயிரோடு இருப்பவர்களைக் கொன்றுவிடாது என்றார். அம்மா கேட்டுக்கொண்டாள். கடைசியில், "இந்த மணி கடலுக்குக் கேக்கும் சாமி. கேட்டா, நமக்குச் சாவு மணி அடிச்சுட்டாகன்னு அவுக புடிச்ச கையை விட்டுருவாக" என்றாள். மணியடிக்காமலே பூசை வைத்துவிடலாமா என்று சாமியார் வாத்தியாரைப் பார்த்தார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தச் சாவுக்கும் அப்படி நடந்ததில்லை என்றார்கள்.

கயிற்றை அறுத்துவிடலாம் என்று யாரோ ஒருவர் கத்தியை எடுத்தார். "அறுத்துப்போட்டா நாளைக்கு ஒனக்கு யாருடா முடிச்சுப்போட்டு அடிக்கிறது?" என்றார் பெரிய வாத்தியார். கத்தி உள்ளே போய்விட்டது. கையைப் பிரித்துவிடுங்கள் என்று அவரிடமே சொன்னார்கள். பெண்பிள்ளை கையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் சின்னம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை. "பாவசங்கீர்த்தனம் இல்லாமப் போனவுக. உத்தரிக்கிற எடத்து நெருப்புல கெடந்து வேகுறாக. பூசை வச்சாத்தான் வெளிய வருவாக. ஒம்புருசன நீ வச்சுக்கக்கா. எம்புருசன விடு."

அம்மா கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

இத்தனை வருடம் கழித்தும் நான் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். ஒருத்தி புருசனைக் கடலிலிருந்து மீட்கப் பார்த்தாள். ஒருத்தி நெருப்பிலிருந்து. நடுவில் ஒரு கயிறு. இரண்டு பேருமே புருசனுக்காகத்தான் நின்றார்கள். அது அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அம்மா எப்போது விடுவாள், நான் எப்போது தலை நிமிரலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமியார் பூசை வைக்காமலே ரயிலுக்குப் போனார். அவர் தலை மறைந்த பிறகு அம்மா கையைப் பிரித்தாள். உள்ளங்கை உரிந்திருந்தது. பெரிய வாத்தியார் பள்ளிக்கூட மணியை வேகமாக அடித்தார். செபத்துக்கு நின்ற பிள்ளைகளிடம், கடலில் இருப்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதைச் சொல்லுங்கள் என்றார். பாதிப் பிள்ளைகள் சொன்னார்கள். பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

வீட்டில் அடுப்பு இரண்டானது. ஒரே முற்றத்தில் சின்னம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தாள். தெருச் சந்தியில் அம்மாவைக் கண்டால் பெண்கள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போனார்கள். தண்ணீருக்கு அம்மா வெயில் ஏறிய பிறகு போக ஆரம்பித்தாள். யாரையும் குறை சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் சாயங்காலம் பெரிய வாத்தியார் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். தனுஷ்கோடி ரயில்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வள்ளம் கவிழ்ந்து மன்னார் பக்கம் மீன்காரர்கள் கையில் கிடைத்த எங்கள் ஊர் ஆள், தலைமன்னார் கப்பலில் வருகிறார், நாளைக்கு ரயிலில் இறங்குவார்.

"ஒரு ஆள்தான் வாராரு. யாருன்னு சொல்லல" என்றார்.

இரண்டு அடுப்பும் அன்றைக்கு எரியவில்லை.

மறுநாள் பாம்பன் ஸ்டேஷனில் ஊரே நின்றது. வாத்தியார் பள்ளியை விட்டுவிட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். அம்மாவும் சின்னம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சின்னம்மா தாலியைக் கழற்றி வெள்ளைச் சேலைக்கு மாறியிருந்தாள். அம்மா சிவப்புக் கண்டாங்கி கட்டியிருந்தாள். ரயில் பாலத்தின் மேல் வரும் நாளில் எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். அன்று ரயில் பாலத்தின் மேல் வரவில்லை, தனுஷ்கோடிப் பக்கமிருந்து வந்தது. அம்மா என் கையை எப்படிப் பிடித்திருந்தாள் என்றால், நகம் பதிந்து எனக்கு ரத்தம் வந்தது.

யாரோ கொடுத்த தொளதொளத்த சட்டையோடு இறங்கியது சின்னய்யா.

சின்னம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. உப்பில் வெடித்த உதட்டோடு நேரே அம்மா முன்னால் வந்து நின்றார். "மதினி, நான் பாத்தேன்" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அய்யா தண்ணீருக்குள் போனதைப் பார்த்திருக்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "போகும்போது செபம் சொன்னாகளா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அம்மா என் கையை விட்டுவிட்டு நடந்தாள். ஸ்டேஷனிலிருந்து கோயில் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் பின்னாலேயே போனது. பெரிய வாத்தியார் முன்னால் ஓடி, பிறகு என்ன நினைத்தாரோ, விலகி நின்றுகொண்டார். அம்மா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஒன்று. நிறுத்தினாள். பிறகு ஒன்று. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் மணலிலேயே முழங்காலில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன்.

சின்னம்மா புருசனை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அம்மா கைக்கு மேலே தன் கையை வைத்துக் கயிற்றைப் பிடித்தாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ வீட்டுக்குப் போ. போயி சேலைய மாத்து."