நல்ல நாளுக்காக நின்ற கதிரை

கனடாவில் இருக்கும் என் தம்பி அனுப்பிய மின்சாரச் சக்கரக் கதிரை கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்கு வந்தது. யுத்தத்தில் முள்ளந்தண்டில் சன்னம் பட்ட நாளிலிருந்து எனக்குக் கால்கள் இரண்டும் இயங்காது. வலது தோளும் எழும்பாது. கையால் உருட்டும் பழைய கதிரையில் இடக்கையால் மட்டும் உருட்டினால் நின்ற இடத்திலேயே வட்டமடிப்பேன். அதை யோசித்துத்தான் தம்பி ஓட்டும் பிடியை இடப்பக்கம் பூட்டச் சொல்லி அனுப்பியிருந்தான். பெட்டியை உடைத்து அந்தப் பிடியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

எனக்கு ஒரு வேலையும் காத்திருந்தது. சாவகச்சேரி நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் ஒரு அக்கா தட்டச்சும் போட்டோக்கொப்பியும் செய்கிற கடை வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றரும் இல்லை. வீட்டிலிருந்தே ஒற்றைக் கையால் நான் பிழையில்லாமல் தட்டச்சுச் செய்து கொடுத்த மனுக்களைப் பார்த்துவிட்டு, "கதிரை வந்த உடனை வாரும் தங்கச்சி, வாசலிலை சீமெந்துச் சரிவு போட்டு வைக்கிறன்" என்றார். சொன்னபடி போட்டும் விட்டார். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதுதான் முதல் வேலையாக இருந்திருக்கும்.

அம்மாதான் குறுக்கே நின்றார். "மார்கழி பிறக்கப்போகுது பிள்ளை. பீடை மாதத்திலை புதுசா ஒண்டும் தொடங்கக்கூடாது. தையிலை ஏறு."

கதிரையைச் சுற்றியிருந்த பொலித்தீனைக்கூட அவிழ்க்க விடவில்லை. சாமியறை வாசலில் நிறுத்தி வைத்து, வருகிற போகிற சனத்துக்கெல்லாம் "தம்பி அனுப்பினவன்" என்று காட்டிக்கொண்டிருந்தார். தம்பி தொலைபேசியில் கத்தினான். "ஓடாட்டியும் கிழமைக்கு ஒருக்கா சார்ஜ் போடோணும் அம்மா, விளங்குதோ?"

"சார்ஜ் போடுறதும் தொடங்கிறதுதானேடா."

கோதாரி! தம்பி தொலைபேசியை வைத்துவிட்டான்.

தை இரண்டாம் நாள் பெரியப்பா செத்துப்போனார். முப்பத்தொரு நாள் துடக்கு, அதுவரை நல்ல காரியம் ஒன்றும் தொடங்கக்கூடாது. மனுசன் இன்னும் ஒரு கிழமை இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பாவம்தான், ஆனாலும் நினைத்தேன். துடக்குக் கழிந்த பிறகு அம்மா என் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம் போனார். மாசியும் சரியில்லை, பங்குனியும் சரியில்லை, சித்திரை வருசப்பிறப்புக்கு அடுத்த வெள்ளிதான் திறமான நாள் என்று வந்தது. கண்டறியாத நாளும் கோளும்! நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். அம்மா சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளினாரே தவிர அசையவில்லை.

ஒரு உண்மையை இங்கே சொல்லத்தான் வேண்டும். எனக்கும் பயமாக இருந்தது. றோட்டில் சனம் பார்க்கும், கடையில் ஆட்கள் வரிசையாக நிற்கும், ஒன்றுக்குப் போகவேண்டி வந்தால் என்ன செய்வது, இப்படி ஆயிரம். நாள் தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே உள்ளுக்குள் ஆறுதல் பட்டேன். கெஞ்சியிருந்தால் பக்கத்து வீட்டார் யாராவது வந்து அந்தச் சார்ஜரைச் செருகிவிட்டிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

பங்குனி முடிவில் கடைக்கார அக்கா ஆள் அனுப்பினார். வருசப்பிறப்புக் கழிந்து வருகிற இரண்டாவது திங்களும் நான் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம், கோபிக்க வேண்டாமாம். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை அம்மா முழுகி, பொலித்தீனை வெட்டி, கதிரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். புது வாகனத்துக்கு வைப்பதுபோல சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழமும் வைத்தார். என்னை அணைத்து அதில் மாற்றி இருத்தினார். நான் பொத்தானை அமத்தினேன். ஒரு வெளிச்சமும் வரவில்லை. பொழுதுபடும்வரை சார்ஜில் போட்டும் வரவில்லை. எலுமிச்சம்பழங்கள் முழுசாகவே கிடந்தன.

சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து பற்றரி வேலை தெரிந்த ஒருவர் வந்து கழற்றிப் பார்த்தார். "நாலு மாசத்துக்கு மேலை சார்ஜ் இல்லாமல் கிடந்து செத்துப்போச்சு அம்மா. உதுக்குப் பொருந்திற பற்றரி இஞ்சை இல்லை. கொழும்பிலை சொல்லி வைச்சாலும் எப்ப வருமெண்டு தெரியாது." அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் மறந்துபோய் நின்றார்.

அக்கா சொன்ன திங்கள் காலை வந்தது. பழைய கதிரையின் முன்சில்லு உடைந்திருந்ததால் அது வீட்டுத் தரையில் மட்டும்தான் ஓடும். ஆட்டோவில் போவதென்றால் ஏற ஒருமுறையும் இறங்க ஒருமுறையும் யாரோ ஒரு ஆம்பிளை என்னைத் தூக்கவேண்டும். ஆசுப்பத்திரிக்குப் போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பேன். வேலைக்குப் போகிற இடத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால், என்னால் முடியாது.

"நான் தள்ளிக்கொண்டு போறன், இரு" என்றார் அம்மா. அவருக்கு எழுபத்தொரு வயது. தம்பி அனுப்பிய கதிரையோ மோட்டார் ஓடாமல் நின்றால் இரும்புப் பெட்டகம். படலை தாண்டி வெளியே மண் ஒழுங்கையில் பத்து மீற்றர் போயிருப்போம், சில்லுகள் மண்ணில் புதைந்துவிட்டன. அம்மா பின்னாலிருந்து தள்ளினார். நான் இடக்கையால் வேலிக் கதியாலைப் பிடித்து இழுத்தேன். கதிரை அசையவே இல்லை. ஒன்பது மணிக்குக் கடை திறக்கும். ஒன்பதும் ஆகிவிட்டது.

அம்மா முன்னால் வந்து முழங்காலூன்றி, சில்லுக்கு முன்னால் கிடந்த மண்ணை இரண்டு கையாலும் தோண்டி எறியத் தொடங்கினார். நல்ல சேலை உடுத்திருந்தார். மூச்சு வாங்கியது.

"எல்லாம் என்னாலைதான், என்ன பிள்ளை?" என்று நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

இல்லையம்மா, நானும்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது.

"ஓம்" என்றேன். "உங்களாலைதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தார்.