என் டயரில் முள் எடுத்த ஆள்

பேய், காத்து, கருப்புன்னு எவனாவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளு நான். ஹார்பர்ல கன்டெய்னர் யார்டுல வேலை, முத்தையாபுரத்துல வீடு. வருஷக்கணக்கா ஷிப்ட் முடிச்சு தனியாத்தான் சைக்கிள்ல வாரேன், ஒரு மண்ணும் என்னை மறிச்சதில்ல. அதனால நீங்க இப்பவே உதட்டைச் சுழிக்காதீங்க. முழுசா கேட்டுட்டு அப்புறம் சுழிங்க.

எனக்குக் கியர் சைக்கிள் பைத்தியம். சாயர்புரத்துல வாத்தியாரா இருக்க என் கூட்டாளி ஜெபராஜுக்கு என்னைவிடப் பைத்தியம். சனிக்கிழமையானா ரெண்டு பேரும் தேரிக்காட்டுக்குள்ள விட்டுருவோம். செக்கச்செவேல்னு மணல் மேடு, அங்கங்க பனை, மிச்சமெல்லாம் உடைமரம். அந்த உடைமுள்ளு இருக்கே, வெள்ளையா, விரல் நீளத்துக்கு, செருப்பையே துளைச்சுட்டு வரும். சைக்கிள் டயர் எம்மாத்திரம்?

அதுக்காக நான் செய்யாததில்ல. பழைய டியூபை நீளவாக்குல கிழிச்சு டயருக்கும் டியூபுக்கும் நடுவுல மெத்தை மாதிரி விரிச்சேன். ஓட்டை விழுந்தா தானா அடைக்கும்னு சைக்கிள் கடைக்கார அண்ணாச்சி பால் மாதிரி ஒரு பசையை சத்தியம் பண்ணாத குறையா வித்தாரு, அதையும் டியூபுக்குள்ள ஊத்தினேன். மணல்ல காத்தைக் குறைச்சு ஓட்டணும்னு ஜெபராஜ் சொன்னான், அதுவும் செஞ்சேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்னதான் செய்வான்?

போன கோடையில ஒரு சனிக்கிழமை, உச்சி வெயில், தேரிக்கு நட்டநடுவுல முதல்ல அவன் சைக்கிள் உக்காந்துச்சு. கொண்டுபோன மாத்து டியூபைப் போட்டு பம்புல காத்தடிச்சோம், அதுவும் போச்சு. அடுத்து என் சைக்கிள், முன்னாலயும் பின்னாலயும் சேந்தே. திருப்பிப் பார்த்தா டயர் முள்ளம்பன்றி மாதிரி இருக்கு. அந்த அடைக்கிற பால் நுரை தள்ளிக்கிட்டு வெளிய வந்து மணல்ல கொட்டுது! ஓட்டையை அடைக்க வாங்கினா அதுவே ஓட்டை வழியா ஓடுது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

திட்டிக்கிட்டே திரும்பினா ஜெபராஜ் மரத்தடியில சாஞ்சு கிடக்கான். அவனுக்குச் சுகர் உண்டு. மாத்திரையைப் போட்டுட்டு ஒழுங்கா சாப்பிடாம வந்திருக்கான், எங்கிட்ட சொல்லவும் இல்ல. வேர்த்து ஊத்துது, பேச்சு குழறுது. கடலைமிட்டாயை வாயில வச்சா மெல்லத் தெம்பில்ல, தண்ணி பாட்டிலைப் பிடிக்கக் கை நிக்கல. போன்ல டவர் இல்ல. தூக்கிட்டு நடக்கவும் முடியாது, தார் ரோடு அவ்வளவு தூரம். போயிருவானோன்னு பயந்துட்டேன்.

"ஏலே, கண்ணை மூடாத, அந்த மேட்டுல ஏறி போன் பண்ணிட்டு வாரேன்"னு ஓடினேன். மணல் சறுக்குது, விழுந்து எந்திரிச்சு உச்சிக்குப் போயும் டவர் வரல. கத்திப் பார்த்தேன். ஆடு மேய்க்கிற ஆள்கூட இல்ல. அழுகையா வந்துச்சு.

இறங்கி வந்தா, நம்பினா நம்புங்க நம்பாட்டிப் போங்க, மணல்ல கிடந்த என் சைக்கிள் மரத்துல சாஞ்சு நிக்குது. ரெண்டு டயரும் கிண்ணுனு இருக்கு. ஒத்த முள்ளு இல்ல. பம்பு ஜெபராஜ் காலடியில கிடக்கு. யோசிக்க ஏது நேரம், அவனைத் தூக்கி சைக்கிள் பார்ல உக்கார வச்சு வண்டித்தடத்தோட தள்ளிக்கிட்டே ஓடினேன். அதே முள்ளு மேலதான் ஓடினேன், டயருக்கு ஒண்ணும் ஆகல. ரோட்டுல ஒரு லோடு ஆட்டோ கிடைச்சு, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தி, பிழைச்சுட்டான்.

ஊசி போடுறதுக்கு அவன் மூடியிருந்த இடது கையை நர்ஸ் விரிச்சா, உள்ள பூரா உடைமுள்ளு. எங்க சொந்தத்துல தேரிக்குள்ள இருக்க சாஸ்தாவைக் கும்பிட வெறுங்காலோட போறவங்க, கால்ல ஏறின முள்ளைப் பிடுங்கினா கீழ போட மாட்டாங்க. பின்னால வாரவன் கால்ல ஏறுமேன்னு கையிலயே வச்சிருந்து வெளிய கொண்டுபோய்ப் போடுவாங்க. நான் ஒருநாளும் அப்படிச் செஞ்சதில்ல. சர்ச்சுக்குப் போற ஜெபராஜுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

எங்க சைக்கிள் கூட்டத்துல சொன்னா சிரிக்கானுவ. கடைக்கார அண்ணாச்சி அதுக்கு மேல. "பாத்தியா, நம்ம பாலு கொஞ்சம் லேட்டா வேலை செஞ்சிருக்கு"ன்னு அதையே சொல்லி அடுத்தவனுக்கு விக்காரு! பாலே அடைச்சுச்சுன்னு வைங்க, காத்தை அடிச்சது யாரு? முள்ளைப் பிடுங்கி அவன் கையில குடுத்தது யாரு?

எல்லாத்தையும்விட எரிச்சல் ஜெபராஜ் மேலதான். "நீதாம்ல செஞ்ச"ங்கான். "மேட்டுக்குப் போன கையோட திரும்பி வந்துட்ட. பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு முள்ளா எடுத்து என் கையில தந்த, காத்தடிச்ச. இப்ப பெரிய மனுசனாட்டம் நான் இல்லேங்குத." அவன் பொண்டாட்டி வேற எனக்காக ஜெபம் பண்ணுதா, போனா கறிக்குழம்பு வைக்கா. செய்யாத காரியத்துக்குக் கும்பிடு வாங்கினா சோறு எப்படி இறங்கும்? ஒருநாள் பொறுக்க மாட்டாம அவன் வீட்டு வாசல்லயே சண்டைக்குப் போயிட்டேன். "என் பிள்ளைக மேல சத்தியமா நான் மேட்டுலதாம்ல நின்னேன்!"

 அவன் மெதுவா கேட்டான்.

"அப்ப ஒண்ணு சொல்லு. காத்தடிச்சு முடிச்சுட்டு எந்திரிச்சு, 'நான் போறேன், அவன் இறங்கி வாரான், அவங்கூடப் போயிரு'ன்னு சொன்னியேலே. அவன்னு நீ யாரைச் சொன்ன?"

அன்னைக்கு அந்த மேட்டுல இருந்து இறங்கி வந்தது நான் ஒருத்தன்தான்.