பெயரில் இருந்த கோழி

டெக்சஸில் எங்கள் திருச்சபையில் ஊழியம் செய்யும் டீக்கன் ஹாய்ட் டக்கெட் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. மாரடைப்பு வந்து பிழைத்தபோது, "இனி மாட்டிறைச்சி கூடாது, கோழிதான்" என்றார் டாக்டர். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதன் பிறகும் ஞாயிறு ஆராதனை முடிந்தால் சிக்கன் ஃபிரைடு ஸ்டேக்தான் வேண்டும் என்பார். மாட்டிறைச்சித் துண்டை அடித்துத் தட்டையாக்கி, முட்டையிலும் மாவிலும் புரட்டி, கோழியைப் போலவே பொரித்து, மேலே வெள்ளை கிரேவி ஊற்றுவார்கள். பெயரைத் தவிர அதில் கோழி கிடையாது.

"பேரைப் பாரு லூர்லீன், முதல் வார்த்தையே சிக்கன்தானே?" என்பார் மனைவியிடம்.

"உங்க நெஞ்சுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று அவள் அழுவாள். ஆனாலும் பொரித்து வைப்பாள். அவளோடு சேர்ந்து நானும் அவருக்காக ஜெபித்தேன்.

போன ஞாயிறு என்னையும் சாப்பிட அழைத்திருந்தாள். சமையலறையில் அவள் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தது கோழி நெஞ்சுக்கறி. என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

டீக்கன் ஜெபம் செய்து, ஒரு வாய் மென்றார். உடனே நிறுத்தினார். முள்கரண்டியால் கிரேவியை விலக்கிப் பார்த்தார்.

"லூர்லீன், இது நிஜக் கோழியாச்சே?"

"ஆமாங்க. முதல் வார்த்தையே அதானே? இத்தனை நாளும் வேற என்னத்தைத் தின்னதா நினைச்சீங்க?"

பதில் சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். டீக்கன் என்னைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார்.

"அந்த கிரேவியை இப்படித் தள்ளு" என்றார்.